திருடனுக்கும் தீக்கும் ஒரே கதவு: புது வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கு ஒரு பாதுகாப்பு வழிகாட்டி

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. வேலை செய்பவர்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில் ஒரு படிக்கட்டின் கதவைப் பூட்டி வைப்பது அங்கே வழக்கம். அன்றும் அது பூட்டியிருந்தது. இறந்தவர்கள் 146 பேர். வீட்டுப் பாதுகாப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். புது வீட்டுக்குப் போனதும் நாமும் கிட்டத்தட்ட அதையேதான் செய்கிறோம். கூடுதல் பூட்டு, ஜன்னலுக்கு இரும்புக் கம்பி, பின்கதவுக்கு ஒரு பெரிய தாழ்ப்பாள், அதற்கு மேல் ஒரு சங்கிலி. திருடனைத் தடுக்க வாங்கும் பொருள்களில் பாதி, தீப்பிடிக்கும் இரவில் நம்மையும் தடுக்கும்.

அதனால் எதை வாங்கினாலும், எதைப் பொருத்தினாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். வெளியிலிருந்து ஒருவன் உள்ளே வர எவ்வளவு நேரம் ஆகும்? உள்ளே இருக்கும் நாம் இருட்டில், புகையில், தூக்கக் கலக்கத்தில் வெளியே போக எவ்வளவு நேரம் ஆகும்? முதல் நேரம் நீள வேண்டும், இரண்டாவது குறைய வேண்டும். இரண்டும் சேர்ந்து நீண்டால் அந்தப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

முதல் படி: வீட்டைச் சுற்றி ஒரு நடை

சாமான்களைப் பிரித்து அடுக்கும் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. அடுக்கியபின் யாருக்கும் நேரம் வராது. காகிதம் பேனாவோடு வீட்டை வெளியே சுற்றுங்கள். பகலில் ஒருமுறை, இருட்டியபின், உள்ளே எல்லா விளக்கையும் போட்டுவிட்டு இன்னொரு முறை. சாவியைத் தொலைத்துவிட்டு வெளியே நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எப்படி உள்ளே போவீர்கள்? உங்களுக்குத் தோன்றும் வழி திருடனுக்கும் தோன்றும். குளியலறையின் சின்ன ஜன்னல், பால்கனி வரை போகும் குழாய், ஏற வசதியான மதில், யாரோ விட்டுச்சென்ற ஏணி எல்லாவற்றையும் குறியுங்கள். இரவுச் சுற்றில் வேறு விஷயங்கள் தெரியவரும்: எந்த அறைக்குள் இருப்பதெல்லாம் தெருவிலிருந்து தெரிகிறது, வாசலில் எந்த மூலை இருட்டாக இருக்கிறது, எந்தச் செடிக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கலாம்.

அப்புறம் உள்ளே வந்து மூன்று இடங்களைக் கண்டுபிடியுங்கள்: மின்சார மெயின் சுவிட்ச், தண்ணீரை மொத்தமாக அடைக்கும் வால்வு, எரிவாயுவை அடைக்கும் வால்வு. வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் ஒருமுறை கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். பல வருடம் தொடாத வால்வு துருப்பிடித்து அசையாமல் நிற்கும். வெள்ளம் வரும்போது அதைத் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்ளலாம். கடைசியாக, ஒவ்வொரு அறையிலிருந்தும் வெளியேற இரண்டு வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று கதவு. இன்னொன்று பெரும்பாலும் ஜன்னல் அல்லது பால்கனி. இரண்டாவது வழியே இல்லாத அறையில் குழந்தையையோ நடக்கச் சிரமப்படும் பெரியவரையோ தூங்க வைக்காதீர்கள்.

இரண்டாம் படி: கதவு

குடிபோன உடனே சாவியை மாற்றுங்கள். முன்பு இருந்தவர்கள் எத்தனை நகல் எடுத்தார்கள், யாரிடம் கொடுத்தார்கள் என்று அவர்களுக்கே நினைவிருக்காது. முழுப் பூட்டையும் கழற்ற வேண்டியதில்லை. பல பூட்டுகளில் சாவி நுழையும் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் முதலிலேயே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விலை உயர்ந்த பூட்டை வாங்கி, உளுத்துப்போன நிலைச்சட்டத்தில் இரண்டு சின்ன ஸ்க்ரூ போட்டு மாட்டுவதைத்தான் நிறைய வீடுகளில் பார்க்க முடிகிறது. உதைக்கிறவன் பூட்டை உடைப்பதில்லை. பூட்டின் நாக்கு நுழையும் தகடு நிலையிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், அவ்வளவுதான். மரச் சட்டம் என்றால் அந்தத் தகட்டை 75 மி.மீ. நீளமுள்ள ஸ்க்ரூவால் சட்டத்தைத் தாண்டி அதற்குப் பின்னால் இருக்கும் கட்டை வரை இறுக்க வேண்டும். செங்கல், கான்கிரீட் சுவர் என்றால் சட்டமே சுவரோடு போல்ட் போட்டுப் பிணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பூட்டின் நாக்கு குறைந்தது 25 மி.மீ. வெளியே வந்து நிலைக்குள் இறங்க வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும் என்றால் கீல்கள் வெளியே தெரியும். அவற்றின் ஊசியைத் தட்டி எடுத்துவிட முடியாதபடி இருக்க வேண்டும். சிலிண்டர் கதவின் பரப்பிலிருந்து 3 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் குறடால் பிடித்து ஒடித்துவிடுவார்கள். இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு நல்ல பூட்டின் விலையில் சிறு பகுதிதான். ஆனால் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், பூட்டைத்தான் காட்டுவார்.

புதிய கதவே வாங்குவதாக இருந்தால் ஐரோப்பியத் தரமான இஎன் 1627 உதவும். அது கதவு, ஜன்னல்களை ஆர்சி1 முதல் ஆர்சி6 வரை தரம் பிரிக்கிறது. ஆர்சி2 கதவு, சாதாரணக் கைக் கருவிகளோடு முயற்சி செய்பவரை 3 நிமிடம் தாங்க வேண்டும். ஆர்சி3 என்றால் 5 நிமிடம். மூன்று நிமிடம்தானா என்று தோன்றும். தெருவில் நின்று சத்தத்தோடு கதவை நெம்புகிற ஒருவனுக்கு அது மிக நீண்ட நேரம்.

உள்பக்கமும் சாவி போட்டுத் திறக்கும் பூட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடி இருந்தால், அதை உடைத்துக் கையை விட்டுத் திறந்துவிடுவார்கள் என்பதற்காக அதைப் பரிந்துரைப்பார்கள். பயம் நியாயமானதுதான், ஆனால் அதற்கு மருந்து அந்தக் கண்ணாடியை, உடைந்தாலும் பிரிந்து விழாத லேமினேட் கண்ணாடியாக மாற்றுவது அல்லது வலுவான படலம் ஒட்டுவது. உள்ளிருந்து திறக்கச் சாவி தேடவேண்டிய கதவு இரவில் கதவே இல்லை, சுவர். ஏற்கெனவே அப்படி ஒரு பூட்டு இருந்து மாற்ற முடியாவிட்டால், கதவிலிருந்து இரண்டு எட்டுத் தூரத்தில், வெளியிலிருந்து கைக்கு எட்டாத ஒரே இடத்தில் சாவி எப்போதும் தொங்க வேண்டும். வீட்டில் சின்னவர் வரை அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிக்கதவில் கண்ணுக்குத் தெரியும்படி தொங்குபூட்டுப் போடுவது, வீட்டில் யாரும் இல்லை என்று தெருவுக்கே அறிவிப்பது. கதவுக்குள்ளேயே அமைந்த பூட்டு அதைச் சொல்லாது. கதவுச் சங்கிலியை நம்ப வேண்டாம். ஒரு தள்ளில் பெயர்ந்துவிடும். யார் என்று பார்க்கக் கதவில் ஒரு பார்வைத் துளை போதும்.

மூன்றாம் படி: ஜன்னலும் கம்பியும்

சறுக்கு ஜன்னலுக்கும் சறுக்குக் கதவுக்கும் வழியைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன்: கீழ்ப்பள்ளத்தில் அளவாக வெட்டிய ஒரு கட்டையை வையுங்கள், வெளியிலிருந்து தள்ள முடியாது. மேல்பள்ளத்தில் இடைவெளி அதிகமாக இருந்தால் ஜன்னலையே தூக்கிக் கழற்றிவிடலாம். மேலே ஓரிரு ஸ்க்ரூவைச் சற்று நீட்டி விட்டால் அந்த இடைவெளி குறையும்.

ஜன்னல் கம்பி அப்படி எளிதான விஷயம் இல்லை. தரைத்தளத்தில் அது திருடனுக்கு எதிரான நல்ல தடை. சின்னக் குழந்தைகள் இருந்தால் மாடி ஜன்னலிலும் வேண்டும், விழுந்துவிடாமல் இருக்க. ஆனால் எல்லா ஜன்னலிலும் சுவரோடு வெல்டிங் செய்த கம்பி என்றால் வீடு கூண்டாகிவிடும். ஒவ்வொரு படுக்கையறையிலும் குறைந்தது ஒரு ஜன்னலின் கம்பி உள்ளிருந்து திறக்கும் கதவாக இருக்க வேண்டும். அதன் தாழ் சாவியில்லாமல் திறக்கும் வகையாக இருப்பது உத்தமம். வெளியே நிற்பவன் கையை விட்டால் எட்டாத இடத்தில் தாழ் இருக்கட்டும். அதற்கு முன்னால் அலமாரியையோ கட்டிலையோ போட்டு அடைக்காதீர்கள். வருடத்தில் சில முறை திறந்து மூடி எண்ணெய் விடுங்கள், இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் துரு அதைப் பூட்டி வைத்திருக்கும். மேல் மாடியில் இருப்பவர்கள் ஜன்னல் வழியே குதிப்பதற்காக இதைச் செய்வதில்லை. கதவைச் சாத்திவிட்டு, அதன் அடி இடுக்கில் துணியை அடைத்து, ஜன்னலில் நின்று மூச்சு விடவும் கூப்பிடவும், தீயணைப்பு வீரர் ஏணியில் வந்து இறக்கவும் அந்தத் திறப்பு வேண்டும்.

நான்காம் படி: கேமராவுக்கு முன்னால் பழக்கம்

திருட்டுகளில் பல உடைத்து நடப்பவை அல்ல. திறந்து கிடந்த கதவு, மிதியடிக்கு அடியில் வைத்த சாவி, பூந்தொட்டிக்குள் வைத்த சாவி. நம்பகமான பக்கத்து வீட்டில் ஒரு சாவியைக் கொடுத்து வைப்பது இதைவிட எவ்வளவோ மேல். நீங்கள் ஊரில் இல்லாதபோது குழாய் வெடித்தாலும் அவர்களால் உள்ளே போக முடியும். பயணம் போகும்போது வாசலில் தபாலும் பொட்டலமும் குவியாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். விளக்கு ஒன்றை டைமரில் போட்டு வைக்கலாம். பயணப் படங்களை ஊர் திரும்பியபின் போடுங்கள். புது டிவி வந்த அட்டைப்பெட்டியை அப்படியே வாசலில் வைக்காமல் வெட்டி மடித்துப் போடுங்கள்.

மீட்டர் பார்க்க, குழாய் பழுது பார்க்க என்று அழைக்காமல் வருபவரின் அடையாள அட்டையைக் கதவைத் திறக்காமலே கேளுங்கள். அட்டையில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து பயனில்லை, அதை அவர்களே அச்சடித்திருக்கலாம். உங்கள் பில்லில் இருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். உண்மையான ஊழியர் காத்திருப்பார்.

கேமரா பயனுள்ளதுதான், ஆனால் அது திருடனை நிறுத்துவதைவிட, நடந்ததைக் காட்டுவதற்கே அதிகம் உதவும். பட்டியலில் அதற்கு இடம் பூட்டுக்கும் விளக்குக்கும் புகை எச்சரிக்கைக் கருவிக்கும் பிறகுதான். வாங்கினால் முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீய மென்பொருள் லட்சக்கணக்கான இணையக் கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்துத் தன் படையாக்கியது, அதுவும் தொழிற்சாலையில் போட்டுக் கொடுத்த கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தே. இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் குறியீட்டையும் கேட்பது போன்ற வசதி) இருந்தால் போட்டுவிடுங்கள். படுக்கையறைக்குள் கேமரா வேண்டவே வேண்டாம்.

நகை, பணம் வைக்கப் பெட்டகம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. திருட்டைத் தாங்கும் பெட்டகம் வேறு, தீயைத் தாங்கும் பெட்டகம் வேறு. தீப்பெட்டகத்தின் வேலை உள்ளே சூடு ஏறாமல் பார்ப்பது. காகிதத்துக்கானது உள்வெப்பத்தை 177 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கும். அந்தச் சூட்டில் காகிதம் பிழைக்கும், ஹார்ட் டிஸ்க்கும் பென் டிரைவும் பிழைக்காது. அவற்றுக்கென்று 52 டிகிரிக்குள் வைக்கும் தரம் தனியாக இருக்கிறது. எந்தப் பெட்டகமாக இருந்தாலும் தரையிலோ சுவரிலோ போல்ட் போட்டு இறுக்காவிட்டால், பெட்டகத்தோடு தூக்கிக்கொண்டு போவார்கள். பத்திரங்களை ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: தீ

பணம் ஒரே ஒரு பொருளுக்குத்தான் இருக்கிறது என்றால் புகை எச்சரிக்கைக் கருவியை வாங்குங்கள். தூங்கும்போது நம் மூக்கு நம்மை எழுப்புவதில்லை. வீட்டுத் தீயில் இறப்பவர்களில் பெரும்பாலோர் நெருப்பு தொடுவதற்கு முன் புகையால் இறக்கிறார்கள். ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே நடையில் ஒன்று, ஒவ்வொரு மாடிக்கும் குறைந்தது ஒன்று. புகை மேலே போகும் என்பதால் கூரையில் பொருத்துங்கள். சுவரில்தான் முடியும் என்றால் கூரையிலிருந்து 30 செ.மீ.க்குள். அடுப்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பக்கத்தில் வைத்தால் தாளிக்கும்போதெல்லாம் அலறும், ஒருநாள் எரிச்சலில் பேட்டரியைக் கழற்றிவிடுவீர்கள். ஒளியைக் கொண்டு புகையை உணரும் ஃபோட்டோ எலெக்ட்ரிக் வகை, மெத்தையும் சோபாவும் புகைந்து கருகும் வகைத் தீயை முன்னதாகப் பிடிக்கும். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பாருங்கள். பத்து வருடம் ஆனால் கருவியையே மாற்றிவிட வேண்டும், சத்தம் வந்தாலும் சரி. உள்ளே இருக்கும் உணரி தேய்ந்திருக்கும்.

காசே செலவில்லாத பாதுகாப்பு ஒன்று உண்டு: இரவில் படுக்கையறைக் கதவைச் சாத்தித் தூங்குவது. சாதாரணக் கதவுகூடப் புகையையும் சூட்டையும் பல நிமிடம் தள்ளிப்போடும். எரிந்த வீடுகளில் கதவு சாத்தியிருந்த அறையில் சாமான்கள் அப்படியே இருக்க, பக்கத்தில் திறந்திருந்த அறை முழுக்கக் கரியாகியிருக்கும். சாத்தச் சொன்னேனே தவிர, பூட்டச் சொல்லவில்லை.

சமையலறையில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் கொதிக்கும் எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகும். ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும், எரியும் எண்ணெயைக் கூரை வரை வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, சட்டியின் மேல் பொருத்தமான மூடியை ஓரத்திலிருந்து தள்ளி மூடி, ஆறும்வரை தொடாமல் விடுங்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டாம். அதனால்தான் பலருக்கும் தீப்புண் ஏற்படுகிறது.

தீயணைப்பான் வாங்கும்போது எந்தத் தீக்கு என்று பார்த்து வாங்குங்கள். மரம், துணி, காகிதத்துக்கு ஏ வகை. பெட்ரோல் போன்ற திரவங்களுக்கு பி. சமையல் எண்ணெய்க்கு ஐரோப்பா உள்ளிட்ட இடங்களில் எஃப் என்றும் அமெரிக்காவில் கே என்றும் குறிப்பார்கள். பயன்படுத்தும் முறை நான்கே செயல்: ஊசியை இழு, முனையைத் தீயின் அடிப்பகுதிக்குக் காட்டு, கைப்பிடியை அழுத்து, பக்கவாட்டில் வீசு. வீட்டில் வைக்கும் சின்னக் கருவி பெரும்பாலும் 20 விநாடிக்குள் தீர்ந்துவிடும். குப்பைத்தொட்டி அளவுத் தீக்கு அது போதும். அதற்கு மேல் வளர்ந்துவிட்டால் வெளியே போவதுதான் வேலை. கருவியை அடுப்புக்குப் பின்னால் மாட்டாதீர்கள். சமையலறையிலிருந்து வெளியேறும் வழியில், கதவோரம் மாட்டுங்கள். அதை எடுக்கும்போதே உங்கள் முதுகு வெளிவாசலைப் பார்த்து இருக்கும்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக: சர்க்யூட் பிரேக்கர் வயரைக் காக்கும், ஆளைக் காக்காது. ஆளைக் காக்க 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற கருவி வேண்டும். அதிலும் சோதனைப் பொத்தான் இருக்கிறது, அழுத்திப் பாருங்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் பலகையிலிருந்து இன்னொன்று என்று தொடர்ச்சியாக மாட்ட வேண்டாம். ஹீட்டர், ஏசி போன்றவற்றை நேரடியாகச் சுவர்ப் பிளக்கில் மாட்டுங்கள். மின்சார ஸ்கூட்டர், சைக்கிள் பேட்டரிகளை வெளிவாசலுக்குப் போகும் வழியில் வைத்துச் சார்ஜ் செய்யக் கூடாது. லித்தியம் பேட்டரி எரிந்தால் அந்த வழி அடைபட்டுவிடும், அணைப்பதும் கடினம்.

ஆறாம் படி: எரிவாயு

சிலிண்டரில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படர்ந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும். குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது, கூரைக்குப் போகும். எனவே கசிவு உணரியை முதலாவதற்குத் தரையோரமும் இரண்டாவதற்குக் கூரையோரமும் பொருத்த வேண்டும். தலைகீழாக மாட்டினால் வாங்கியதே வீண். இரண்டுக்கும் இயல்பில் வாசனை கிடையாது. நமக்கு வரும் நாற்றம், கசிவு தெரியட்டும் என்று மெர்காப்டன் போன்ற ரசாயனத்தைக் கலப்பதால் வருவது. அந்த நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், இரண்டிலும் பொறி வரும். வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு போய் அங்கிருந்து போன் செய்யுங்கள்.

கார்பன் மோனாக்சைடு இன்னும் நயவஞ்சகமானது, அதற்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வரும், காய்ச்சல் இருக்காது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இப்படி வந்து, வெளியே போனால் சரியானால் சந்தேகப்படுங்கள். புயலுக்குப் பின் மின்சாரம் இல்லாத நாள்களில் இதனால் பலர் இறக்கிறார்கள், காரணம் ஜெனரேட்டரும் கரி அடுப்பும். ஜெனரேட்டரை வீட்டுக்குள், பால்கனியில், கராஜில் ஓட்டக் கூடாது. ஜன்னல் கதவுகளிலிருந்து 6 மீட்டராவது தள்ளி வெளியே வைக்க வேண்டும்.

ஏழாம் படி: உங்கள் இடத்தின் ஆபத்து எது?

எல்லாப் பேரிடருக்கும் தயாராக வேண்டும் என்று கிளம்பினால் எதற்கும் தயாராக மாட்டோம். அந்த இடத்தில் நீண்ட நாள் வாழ்ந்தவர்களிடம் கேளுங்கள்: தண்ணீர் எதுவரை வந்தது, எந்தத் தெரு முதலில் மூழ்கும், காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும். இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907-இல் வந்த சுனாமியை மக்கள் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள்: நிலம் ஆடி, கடல் பின்வாங்கினால் குன்றுக்கு ஓடு. 2004 சுனாமியின்போது சுமார் 78,000 பேர் இருந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர். கருவி எதுவும் அவர்களை எச்சரிக்கவில்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் இதையே விதியாக வைத்துக்கொள்ளலாம்: நின்று சமாளிக்க முடியாத அளவு, அல்லது 20 விநாடிக்கு மேல் நிலம் ஆடினால் சைரனுக்குக் காத்திருக்காமல் மேட்டுக்குப் போய்விடுங்கள்.

வெள்ளத்தில் ஆழத்தைவிட ஓட்டம்தான் ஆள் விழுங்கும். ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே பெரியவர் ஒருவரைச் சாய்த்துவிடும். 30 செ.மீ. பல கார்களைக் கிளப்பி மிதக்க வைக்கும், 60 செ.மீ. பெரிய வண்டிகளையும் இழுத்துப்போகும். தண்ணீருக்கு அடியில் சாலை இன்னும் இருக்கிறதா என்பதும் தெரியாது. வண்டியைத் திருப்பிவிடுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று தெரிந்தால் தரை ஈரமாவதற்கு முன்பே மெயினை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்ச் பெட்டியைத் தொடாதீர்கள்.

நிலநடுக்கத்தின்போது வெளியே ஓடத் தோன்றும். அப்படி ஓடும்போதுதான் கண்ணாடியும் கூரை ஓடும் செங்கல்லும் தலையில் விழும். இருக்கும் இடத்தில் முழங்காலிட்டு, உறுதியான மேசைக்கு அடியில் போய், தலையையும் கழுத்தையும் மறைத்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். படுக்கையில் இருந்தால் குப்புறப் படுத்துத் தலையணையால் தலையை மூடுங்கள். கதவு நிலையில் நிற்பது பாதுகாப்பு என்பது பழைய நம்பிக்கை, இன்றைய வீடுகளில் அதற்கு அர்த்தம் இல்லை. ஆட்டம் நின்றபின் படிக்கட்டில் இறங்குங்கள், லிஃப்ட் வேண்டாம். இதற்கான உண்மையான தயாரிப்பு முன்கூட்டியே நடப்பது: உயரமான அலமாரிகளைச் சுவரோடு பிணைப்பது, படுக்கைக்கு மேல் கனமான எதையும் மாட்டாமல் இருப்பது.

புயலில் காற்று திடீரென்று நின்று வானம் வெளுத்தால் முடிந்துவிட்டது என்று வெளியே போகாதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். அது கடந்ததும் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். இடி கேட்டால் உள்ளே வாருங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் உள்ளேயே இருங்கள்.

எட்டாம் படி: ஒரு பை, கொஞ்சம் தண்ணீர்

தண்ணீர்தான் முதலில். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் குறைந்தது 3 நாளுக்கு. சுத்தம் சந்தேகமாக இருந்தால் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடம் என்றால் 3 நிமிடம். கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும், ரசாயனத்தை நீக்காது. மின்சாரம் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் 4 மணி நேரம் உள்ளே இருப்பவை தாங்கும். நிறைந்த ஃபிரீசர் 48 மணி நேரம் வரை.

பையில் டார்ச், பேட்டரி, ஒரு பேட்டரி ரேடியோ, பவர் பேங்க், விசில், முதலுதவிப் பொருள்கள், தினமும் சாப்பிடும் மருந்து ஒரு வாரத்துக்கு, மூக்குக் கண்ணாடி, ஆவண நகல்கள், சில்லறையாகக் கொஞ்சம் பணம். மின்சாரம் இல்லாதபோது கார்டு வேலை செய்யாது. சமைக்காமல் சாப்பிடக் கூடிய உணவு. கைக்குழந்தை இருந்தால் அதற்கான பொருள்கள். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பும் டார்ச்சும் இருக்கட்டும். நிலநடுக்கத்துக்குப் பின் இருட்டில் உடைந்த கண்ணாடி மேல் நடந்து பலர் காயப்படுகிறார்கள். பையை வெளிவாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள், பரணில் வேண்டாம்.

ஒன்பதாம் படி: ஒத்திகை

வெளியே ஒரு சந்திப்பு இடத்தை முடிவு செய்யுங்கள், எல்லோருக்கும் தெரிந்த ஒரு மரமோ கம்பமோ. அங்கே தலை எண்ணினால்தான் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தீயணைப்பு வீரர்களிடம் சொல்ல முடியும். வெளியூரில் இருக்கும் ஒரு உறவினரைத் தொடர்பு ஆளாக வையுங்கள். பேரிடர் நேரத்தில் உள்ளூர் அழைப்புகள் நெரிசலில் சிக்கும், வெளியூர் அழைப்பு போகக்கூடும், குறுஞ்செய்தி இன்னும் எளிதாகப் போகும். உங்கள் நாட்டின் அவசர எண்ணைக் கதவுக்குப் பின்னால் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். 112 பல நாடுகளில் வேலை செய்யும். குழந்தைகளுக்கு முகவரியையும் இரண்டு போன் எண்களையும் மனப்பாடமாகச் சொல்லித் தாருங்கள். போன் தொலைந்தால் பெரியவர்களுக்கே எந்த எண்ணும் நினைவில் இல்லை, அது வேறு கதை.

ஒரு இரவு விளக்கை அணைத்துவிட்டு, புகை எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்தி, எல்லோரும் வெளியே வந்து பாருங்கள். தாழ்ந்து தவழ்ந்து வரச் சொல்லுங்கள், தரையோரம்தான் புகை குறைவு. மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார்க்கப் பழக்குங்கள். சூடாக இருந்தால் திறக்கக் கூடாது, இரண்டாவது வழியில் போக வேண்டும். கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் எங்கே தாமதம் என்று பிடியுங்கள். பெரும்பாலும் அது ஒரு தாழ்ப்பாளாகவோ, சாவியாகவோ, வழியில் கிடக்கும் செருப்பு அலமாரியாகவோ இருக்கும். இந்த ஒத்திகையில் குழந்தைகள் கண்விழிக்காமல் தூங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம். பல குழந்தைகள் அந்த ஒலிக்கு எழுவதில்லை. அவர்களை யார் எழுப்புவது என்று பெயர் சொல்லி ஒருவரை நியமித்து வையுங்கள்.

யாரோ உள்ளே வந்துவிட்டால்

வீட்டுக்குத் திரும்பும்போது கதவு உடைந்திருந்தால் உள்ளே போகாதீர்கள், அவன் இன்னும் அங்கேயே இருக்கலாம். தள்ளிப் போய்ப் போலீஸை அழையுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை எதையும் தொடாமல், துடைக்காமல் விடுங்கள். நீங்கள் உள்ளே இருக்கும்போது ஒருவன் நுழைந்தால், முடிந்தால் வெளியேறுங்கள். முடியாவிட்டால் பூட்டக்கூடிய ஒரு அறைக்குள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு, போனோடு, பூட்டிக்கொள்ளுங்கள். நேருக்கு நேர் வந்துவிட்டால் அவன் போகும் வழியை மறிக்காதீர்கள். அவன் கையில் இருப்பது டிவியாக இருந்தாலும் நகையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். உயரம், உடை, எந்தப் பக்கம் போனான் என்பதை மட்டும் கவனித்து, போனதும் எழுதி வையுங்கள்.

இப்படி ஒரு நாளுக்காக இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. போனை எடுத்து அறை அறையாக நடந்து வீடியோ எடுங்கள். அலமாரிகளைத் திறந்து காட்டி, மின்சாதனங்களின் வரிசை எண் தெரியும்படி, நகைகளைத் தனித்தனியாகப் படம் பிடித்து. காப்பீடு கேட்கவும் போலீஸில் புகார் எழுதவும் அது வேண்டும், திருட்டுக்கும் தீக்கும் வெள்ளத்துக்கும் ஒரே வீடியோ போதும். காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, வெள்ளமும் நிலநடுக்கமும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று படியுங்கள். பல பத்திரங்களில் அவற்றைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வீடியோவை அந்த வெளியூர் உறவினருக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.